முன்னெழுத்தும் மெய்ப்பெயரும்

தமிழகத்தில் ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டப்படும் முன்னரே, அப்பெயருக்கு முன்னால் நிற்கப்போகும் எழுத்து முடிவாகிவிடுகிறது. தந்தையின் பெயரிலிருந்து வரும் அந்த முன்னெழுத்து பள்ளிப் பதிவேட்டிலும், மதிப்பெண் சான்றிதழிலும், திருமண அழைப்பிதழிலும் நம்மை விட்டு நீங்குவதில்லை. நற்பெயர் ஈட்டிய தந்தையைப் பெற்றவர்க்கு அவ்வெழுத்து அணிகலன். அல்லாதவர்க்கு அஃது யாது? இவ்வினாவை நமக்குள் எழுப்பியது ஒரு டிராகன் கதை என்றால், இம்மலரைப் படிக்கும் சான்றோர் புன்னகை புரியக்கூடும். நாமும் முதலில் அவ்வாறு புன்னகை புரிந்தவர்களே.

கடந்த கல்வியாண்டில், பகுதி ஒன்று தமிழ் பயிலும் முதலாண்டு மாணவர்களிடம், தாம் விரும்பிப் படித்த நூலொன்றைப் பற்றி நான்கு பக்க அளவில் தமிழில் மதிப்புரை எழுதித் தருமாறு பணித்திருந்தோம். நூல் எம்மொழியினதாயினும் ஆகுக என்றோம். கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர் 'மர்டாக்' என்னும் ஆங்கிலப் புதினத்தைப் பற்றி எழுதியிருந்தார். முதற்பக்கத்தில் அவர் பெயருக்கு முன்னெழுத்து இல்லை. சிவப்பு மையால் வட்டமிட்டு, "முன்னெழுத்து எங்கே?" என்று எழுதி, உள்ளே ஒரு வரியும் படியாமல் திருப்பித் தந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முன்னெழுத்தை இட்டுக் கொணர்ந்து தந்தார். அதன் பின்னரே கட்டுரையைப் படித்தோம்.

அவருடைய தந்தை ஊரார் பலரிடம் சீட்டுப் பணம் திரட்டிக்கொண்டு தலைமறைவானவர் என்பதும், பணம் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் அதே வகுப்பில் இருந்தனர் என்பதும், அவர்கள் இவரோடு ஒரே பெஞ்சில் அமர்வதில்லை என்பதும் பின்னரே நமக்குத் தெரிய வந்தன. கட்டுரையின் இறுதி வரியில் அவர், தமக்கும் அக்கதைத் தலைவனைப் போல ஒரு பெயரை மாற்றும் உரிமை வாய்த்தால் நன்று என்று எழுதியிருந்தார். அவருடைய இசைவு பெற்றே இதனை ஈண்டுக் குறிப்பிடுகிறோம். அவரை அடையாளம் காட்டும் செய்திகளை மாற்றியும் உள்ளோம். அந்நூலை அவரிடமே இரவல் பெற்றுப் படித்தோம். படித்ததன் பயனே இக்கட்டுரை.

நூலும் ஆசிரியரும்

நூலின் ஆசிரியர் கிறிஸ்டோபர் பயோலினி 1983ஆம் ஆண்டு பிறந்த அமெரிக்கர். மான்டானா மாநிலத்தின் பாரடைஸ் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்; பள்ளிக்குச் செல்லாது பெற்றோரிடமே வீட்டுக் கல்வி பெற்றவர். 15 வயதில் அவர் எழுதத் தொடங்கிய 'எரகான்' என்னும் கதையை 2002இல் அவர்தம் குடும்பத்தாரே அச்சிட்டு வெளியிட்டனர். அவரே பழங்கால உடை அணிந்து பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சென்று அதனை அறிமுகம் செய்தார். 2003இல் நாஃப் பதிப்பகம் அதனை மீண்டும் வெளியிட, உலகெங்கும் இளையோர் அதனை நாடிப் படித்தனர். 'எல்டஸ்ட்' 2005இலும், 'பிரிசிங்கர்' 2008இலும், 'இன்ஹெரிட்டன்ஸ்' 2011இலும் வெளிவந்து அக்கதை நிறைவுற்றது. அதன் பின்னர், அந்நான்கு நூல்களிலும் துணைப்பாத்திரமாக நின்ற ஒருவனையே தலைவனாக்கி, 2023 நவம்பரில் ஆசிரியர் அளித்த பெரும்புதினமே 'மர்டாக்'.

இக்கதையுலகின் இலக்கணம் இரண்டினை முதற்கண் அறிதல் வேண்டும். ஒன்று, டிராகனின் முட்டை தனக்குரியவர் வரும்வரை பொரிவதில்லை. உரியவர் தொட்ட பின் பொரிந்து வெளிவரும் குஞ்சின் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. வாய்ச்சொல் இன்றியே இருவரும் உரையாடுவர். அவரே டிராகன் வீரர். மற்றொன்று, அவ்வுலகில் 'பழைய மொழி' என ஒரு மொழி உண்டு. அம்மொழியில் பொய் கூற இயலாது. அம்மொழியில் இட்ட ஆணையை மீறவும் இயலாது. ஒவ்வோர் உயிருக்கும் அம்மொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அவ்வுயிரின் இயல்பு முழுவதையும் சொல்லும் பெயர் அது. ஒருவரின் மெய்ப்பெயரை அறிந்தவர் அவரை அடிமை கொள்ளலாம். மெய்ப்பெயர் பற்றிய இக்கருத்து பயோலினிக்கு முன்பே அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ கதையில் இடம்பெற்றது. ஆயினும் அதனைக் குற்றம், பொறுப்பு என்னும் அறவினாக்களோடு இணைத்த பாங்கு பயோலினியின் தனித்தன்மை எனலாம்.

விலக்கப்பட்டவனின் வரலாறு

மர்டாக் என்பான் மார்சானின் மகன். டிராகன் வீரர் குலத்தையே அழித்து அரியணை ஏறிய கால்படோரிக்ஸ் என்னும் கொடுங்கோலனுக்குத் துணை நின்ற வீரர் பதின்மூவர். அவருள் முதல்வன் மார்சான். குடிவெறியில் தன் வாளை வீசி, மூன்று வயது மகனின் முதுகைப் பிளந்தவன் அவன். அத்தழும்பு மர்டாக்கின் முதுகில் என்றும் மறையாது நிற்கிறது. தந்தை மாண்ட பின் மைந்தன் அரண்மனையிலேயே வளர்கிறான். வாள் பயிற்றிய ஆசான் டோர்னாக்கின் துணையோடு அங்கிருந்து தப்புகிறான். தப்பும் வேளையில் ஆசான் உயிர் துறக்கிறார்.

பின்னர் எரகானின் உயிரைக் காத்து அவனுக்கு நண்பனாகிறான் மர்டாக். ஆயினும் அரசனை எதிர்க்கும் கிளர்ச்சியாளரிடம் சென்றபோது அவர்கள் அவனைச் சிறையில் அடைக்கின்றனர். அவன் மார்சானின் மகன் என்பதும், தன் உள்ளத்தைச் சோதிக்க அவன் இசையாததும் அதற்குக் காரணங்கள். அடுத்த நூலில் அவன் கடத்தப்பட்டு மீண்டும் அரசனிடம் சேர்க்கப்படுகிறான். அங்கே 'தார்ன்' என்னும் செந்நிற டிராகன் அவனுக்காகப் பொரிந்து வருகிறது. முள் என்று பொருள்படும் பெயர் அது. அரசன் இருவருடைய மெய்ப்பெயரையும் அறிந்து இருவரையும் ஆணையால் பிணிக்கிறான். அந்த அடிமை நிலையில் மர்டாக் குள்ளர் குலத்து மன்னன் ஹ்ராத்கரைக் கொல்கிறான். கிளர்ச்சியாளரின் தலைவி நசுவாடாவைக் கவர்ந்து சென்று, அரசன் ஏவியபடி அவளை வதைக்கிறான்.

அவ்வதைக்கூடத்திலேயே அவன் உள்ளம் மாறுகிறது. தன்னைக் காட்டிலும் அவளைப் பெரிதாக எண்ணத் தொடங்கிய கணத்தில் அவன் இயல்பு மாறுகிறது; இயல்பு மாறவே மெய்ப்பெயரும் மாறுகிறது; மெய்ப்பெயர் மாறவே ஆணை அறுபடுகிறது. இறுதிப் போரில் அரசனைக் காத்து நின்ற மந்திர அரண்களை மர்டாக்கே நீக்குகிறான். அதன் பின்னரே எரகானால் வெல்ல முடிகிறது. வெற்றிமாலை எரகானுக்கு, நசுவாடாவுக்கு அரியணை, மர்டாக்கிற்கோ வடதிசையின் வெறுங்காடு. யாரிடமும் முகம் காட்ட இயலாது, தன் டிராகனோடு அவன் தனியே செல்கிறான். நான்கு நூல்கள் அவனை அங்கே விட்டன. ஐந்தாவது நூல் அங்கிருந்து அவனைத் தொடர்கிறது.

கர்ணன் இறந்தான், இவன் வாழ்கிறான்

தமிழ் பயின்றோர்க்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. மர்டாக்கும் எரகானும் செலீனா என்னும் ஒரே தாயின் வயிற்றுப் பிள்ளைகள், தந்தையர் வேறு. மூத்தவன் தீயோர் அணியில், இளையவன் நல்லோர் அணியில். உறவு அறிந்த பின்னும் களத்தில் எதிரெதிரே நிற்கின்றனர். இதனைப் படிக்குங்கால் வில்லிபுத்தூரார் காட்டும் கர்ணன் நம் கண்முன் வந்து நிற்பது இயல்பே. குந்தி பெற்ற மகனென்று அறிந்தும், நாகக்கணையை மறுமுறை தொடுப்பதில்லை என்று தாய்க்கு வரம் தந்தும், உண்ட உப்பை மறவாது துரியோதனன் பக்கமே நின்று உயிர் விட்டவன் கர்ணன். கம்பனின் கும்பகருணனும் அத்தகையோனே. அண்ணன் செய்தது அறமன்று என்று அறிந்தும், தம்பி வந்து அழைத்தும், அணி மாறாது களம் சென்று மாண்டவன்.

இவ்விருவர் மாட்டும் நம் வகுப்பறைகளில் கண்ணீர் மல்கப் பாடம் நடத்தியிருக்கிறோம். செஞ்சோற்றுக் கடன் கழித்தமையைப் போற்றியிருக்கிறோம். ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்விருவர்க்கும் புலவர்கள் அளித்த பேருதவி மரணம். சாவு அவர்தம் கணக்கைத் தீர்த்து வைத்தது. வீழ்ந்து கிடக்கும் வீரனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அவன் செய்த தீமையைக் காட்டிலும் அவன் வீழ்ந்த அழகே நெஞ்சில் நிற்கிறது.

பயோலினி தம் தலைவனுக்கு அவ்வுதவியைச் செய்யவில்லை. போர் முடிந்தது, அரசன் மாண்டான், இவன் சாகவில்லை. மறுநாள் பொழுது புலர்கிறது. இவனுக்குப் பசிக்கிறது, டிராகனுக்கும் இரை வேண்டும். ஊருக்குள் சென்றால் பெயர் மறைத்துச் செல்ல வேண்டும். மாண்ட ஆசானின் பெயரையே தன் பெயராகச் சொல்லி விடுதிகளில் தங்குகிறான். கர்ணன் பதினேழாம் நாட் போரில் மாளாது பிழைத்திருந்தால், அபிமன்யுவை இழந்த சுபத்திரையின் முன் அவன் எங்ஙனம் நின்றிருப்பான்? நம் காவியங்கள் கேளாத இவ்வினாவை இந்த இளையோர் புதினம் கேட்கிறது. வீரமாகச் சாவது எளிது, செய்ததைச் சுமந்து வாழ்வதே அரிது என்பதனை இளையோர்க்கு உணர்த்தும் இடம் இது.

இரண்டு சுமைகள்

மர்டாக்கின் தோளில் இரண்டு சுமைகள் உள. அவற்றைப் பிரித்துக் காணாதவர் இந்நூலையும் அறியார். தம் அருகில் இருப்போரையும் அறியார் என்பது நம் கருத்து.

முதற்சுமை தந்தை செய்தது. அதில் அவனுக்கு எள்ளளவும் பங்கில்லை. அவன் அத்தீமையைச் செய்தவன் அல்லன், அத்தீமைக்கு ஆளானவன். முதுகுத் தழும்பே சான்று. ஆயினும் உலகம் அவனைக் கண்ட மாத்திரத்தில் அத்தந்தையையே காண்கிறது. கிளர்ச்சியாளர் அவனைச் சிறையிட்ட நாளில் அவன் எக்குற்றமும் செய்திருக்கவில்லை. எரகானைக் காத்தவன் என்னும் நன்றியும் அவர்களிடம் எழவில்லை. யார் மகன் என்னும் ஒரு வினாவுக்குக் கிடைத்த விடையே அவர்தம் ஐயத்திற்குப் போதுமானதாயிற்று. இது அநீதி. இச்சுமையை இறக்கி வைக்க வேண்டிய கடமை அவனுடையது அன்று, ஏற்றி வைத்தோருடையது.

இரண்டாம் சுமை அவனே செய்தது. ஹ்ராத்கரைக் கொன்றது அவன் கை. நசுவாடாவை வதைத்ததும் அவன் கை. ஆணையால் கட்டுண்டு செய்தான் என்பது உண்மை. அதனால் அவனுக்குப் பொறுப்பு இல்லையா?

மந்திரத்தால் கட்டுண்டவனுக்குக் குற்றம் ஏது, ஆசிரியர் எளிய தப்புவழி ஒன்றை அமைத்துக்கொண்டார் என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. அரசன் அவனைப் பிணித்தது மெய்ப்பெயரால்; மெய்ப்பெயர் என்பதோ அவன் இயல்பு. உள்ளத்தில் குமைந்து கிடந்த சினமும், உலகின் மேல் கொண்ட வெறுப்பும், தன்னைத் தானே இரங்கிக்கொள்ளும் போக்குமே அரசன் பற்றிய கைப்பிடிகள். இயல்பு மாறியபோது கட்டு அறுபட்டது என்றால், கட்டு நின்றதும் ஓரளவு அவ்வியல்பின் மேல்தான் என்றாகிறது. இதனை மர்டாக் அறிவான். ஆகவேதான் 'என்னைக் கட்டாயப்படுத்தினர்' என்னும் சொல் உண்மையாக இருந்தும் அவனுக்கு உறக்கத்தைத் தரவில்லை. நூலின் ஆழம் இங்கேதான் உள்ளது.

இது கற்பனை உலகின் சிக்கல் மட்டும் அன்று. இரண்டாம் உலகப்போரின் பின் நாஜித் தலைவர்களை விசாரிக்க 1945இல் வகுக்கப்பட்ட நியூரம்பர்க் நீதிமன்றச் சாசனத்தின் எட்டாம் பிரிவு, மேலிடத்தின் ஆணைப்படி செய்தேன் என்பது ஒருவரைப் பொறுப்பினின்று விடுவிக்காது என்றது. ஆயின் நீதி வேண்டுமாயின் தண்டனையைக் குறைப்பதற்கு அதனைக் கருதலாம் என்றும் கூறியது. மறுபுறம், போர்ப்படைகளில் சேர்க்கப்படும் சிறுவர்கள் குறித்து 2007இல் வகுக்கப்பட்ட பாரிஸ் கோட்பாடுகள், குற்றம் சாட்டப்படும் அச்சிறுவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் காணாது, முதன்மையாகப் பாதிக்கப்பட்டோராகவே காண வேண்டும் என்கின்றன. அரண்மனைக் கைதியாய் வளர்ந்து, இருபது வயதளவில் அடிமைப்பட்ட மர்டாக் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறான். கட்டாயம் என்பது பழியைக் குறைக்கும், முற்றும் துடைக்காது. இந்நடுநிலையைச் சட்ட நூல் கூறினால் மாணவர் மனத்தில் தங்குவது அரிது. கதை கூறினால் தங்குகிறது.

மன்னிப்பும் வினையும்

இனி, இத்தகையோன் மீளும் வழி யாது? மன்னிப்பு வேண்டி அரசவையில் மண்டியிடும் காட்சியை ஆசிரியர் முதலில் அமைத்திருக்கலாம். அமைக்கவில்லை. மர்டாக் மீளும் வழி சிறு சிறு வினைகளால் ஆனது.

கியூனான் நகர விடுதி ஒன்றில் எஸ்ஸி என்னும் சிறுமியைக் கயவரிடமிருந்து காக்கிறான். அங்கே அவன் கையில் எடுப்பது சோறுண்ணும் முள்கரண்டி ஒன்றே. அச்சிறுமி யாரென்பதும் அவனுக்குத் தெரியாது. அவன் யாரென்பதும் அவளுக்குத் தெரியாது. கில்லியட் நகரில் சிறைப்பட்ட பூனைக்குலத்துக் குழந்தையை மீட்கத் தன்னை இடருக்கு உள்ளாக்குகிறான். எளியோர்க்கு ஒருவன் செய்யும் நன்மையில் கைம்மாறு கருதும் கறை படிவதில்லை. மர்டாக்கின் நற்செயல்கள் பெரும்பாலும் அத்தகையன.

மலைகளுக்கு நடுவே மறைந்து கிடக்கும் நால் கார்காத் என்னும் ஊரில் அவனுக்குப் பெருஞ்சோதனை நேர்கிறது. அங்குள்ள சூனியக்காரி ஒருத்தி அவனையும் தார்னையும் மயக்கத்தில் ஆழ்த்தி, மீண்டும் அடிமை கொள்கிறாள். ஒருமுறை அடிமைப்பட்டு மீண்டவனுக்கு மறுமுறையும் அதே நிலை வாய்ப்பதைக் காட்டிலும் கொடியது வேறில்லை. இம்முறை சிறையில் அவனுக்குத் துணையாவோன் உவெக் என்னும் உர்கல் குலத்து முதியோன். உர்கல்கள் மனிதர்க்கு நெடுநாட் பகைவர், கொம்புடையோர், கொடியோரென்று ஒதுக்கப்பட்டோர். விலக்கப்பட்டவனின் வலியை மற்றொரு விலக்கப்பட்ட குலத்தானே முதலில் அறிந்துகொள்கிறான் என்பது நோக்கத்தக்கது.

தார்னைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். டிராகன் என்றால் அச்சம் அறியாத விலங்கு என்பது பொதுவழக்கு. சிறையிருளில் பொரிந்து, மந்திரத்தால் விரைந்து வளர்க்கப்பட்டு, வதையுண்ட இந்த டிராகனுக்கோ ஒடுங்கிய இடங்களைக் கண்டால் நடுக்கம். குறுகிய சந்தும் அதற்குச் சிறையாகவே தோன்றுகிறது. மலையளவு உடலும் நெருப்புமிழும் வாயும் கொண்ட ஒன்று, உள்ளத்தின் காயத்தால் ஒரு குகை வாயிலில் நின்று நடுங்குகிறது. இறுதியில் தன் வீரனைக் காக்க வேண்டி அது அந்நடுக்கத்தோடே குகைக்குள் நுழைகிறது. நடுக்கம் நீங்கிய பின் நுழையவில்லை; நடுங்கிக்கொண்டே நுழைகிறது. வலியவரின் உள்ளத்திலும் காயம் உண்டு என்பதை இதனினும் எளிதாக இளையோர்க்குச் சொல்ல இயலுமா என்பது ஐயமே.

குறைகளும் உள

நூலில் குறையே இல்லை என்று கூறுவது திறனாய்வு ஆகாது. ஏறத்தாழ 700 பக்கம் நீளும் இப்புதினம் இன்னும் சுருங்கியிருக்கலாம். ஏரியில் வாழும் பெருமீனை வேட்டையாடும் பகுதி, ஒரு வேலையை முடித்தால்தான் அடுத்த வேலை என்னும் கணினி விளையாட்டின் அடுக்கினை நினைவூட்டுகிறது. நால் கார்காத்தில் மயங்கிக் கிடக்கும் பக்கங்கள் தலைவனுக்கு மட்டுமன்றிப் படிப்போர்க்கும் சற்று அயர்வு தருகின்றன. முந்தைய நான்கு நூல்களைப் படியாதவர்க்குச் சில இடங்கள் விளங்காமற் போகலாம். குள்ளர் குலத்தார் மன்னனை இழந்த துயர் மர்டாக்கின் நினைவுகளில் மட்டுமே வருகிறது. அவர்கள் தம் வாயால் பேசும் இடம் இல்லை. பிழை செய்தவனின் வருத்தத்தைக் கேட்கும் நாம், பிழைக்கு ஆளானவரின் குரலையும் கேட்டிருத்தல் வேண்டும். இதனை இந்நூலின் பெருங்குறையாகவே கருதுகிறோம்.

இத்தகைய நூல்கள் மாணவரின் காலத்தை வீணாக்குவன, மந்திரமும் மாயமும் அறிவை மழுக்குவன என்று நம் பேராசிரிய நண்பர்கள் சிலர் உரைப்பதுண்டு. பேயும் பூதமும் இல்லாத பரணியை அவர்கள் எங்குக் கண்டனர்? மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியைப் பாடத்திலிருந்து நீக்கிவிட்டோமா? மாயம் இருப்பதும் இல்லாததும் இலக்கியத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. அம்மாயம் மனிதனைப் பற்றி ஏதேனும் மெய் கூறுகிறதா என்பதே கேட்கத்தக்க வினா. அமுதசுரபி பசியைப் பற்றிய மெய்யைக் கூறிற்று. மர்டாக்கின் மெய்ப்பெயர் பொறுப்பைப் பற்றிய மெய்யைக் கூறுகிறது.

வாளின் பெயர்

மாணவர் எழுதியிருந்த இறுதி வரிக்கு இப்போது வருவோம். மர்டாக்கின் இடையில் தொங்கும் வாள் அவன் தந்தை மார்சானின் வாள். மூன்று வயதில் அவன் முதுகைப் பிளந்த அதே வாள். பழைய மொழியில் அதன் பெயர் சார்ராக். துன்பம் என்பது பொருள். எந்த வாள் தன்னைப் பிளந்ததோ அந்த வாளையே சுமந்து திரியும் மகன்! தந்தைவழி வந்த எதனையும் எறிந்துவிடலாம் என்று அவன் எண்ணாத நாளில்லை. நூலின் இறுதியில் அவன் ஒன்று செய்கிறான். வாளை எறியவில்லை. அதன் பெயரை மாற்றுகிறான். இத்ரிங் என்று அதற்குப் புதுப்பெயர் இடுகிறான். விடுதலை என்பது பொருள். அதன் பின்னரே அவன் நசுவாடாவின் தலைநகருக்குச் செல்கிறான். மறைத்த பெயரோடு அன்று, சொந்தப் பெயரோடு.

இரும்பு அதே இரும்பு. கூர்மையும் அதே கூர்மை. பெயர் மாறியது எங்ஙனம்? ஏந்திய கை வேறு வினை செய்ததால் மாறியது. வினை முதலில், பெயர் பின்னர். வெறுமனே பெயரை மட்டும் மாற்றியிருப்பின் அது பொய்யாகியிருக்கும். பொய் கூற இயலாத மொழியில் அப்பெயர் நின்றிராது.

இதனை அம்மாணவரிடம் கூறினோம். முன்னெழுத்தை நீக்கிவிடுவதால் ஊர் மறந்துவிடாது என்றும், அவ்வெழுத்தைக் கண்டதும் ஊரார் நினைவில் இன்னொருவர் எழும் காலத்தை உம் வாழ்வால் உண்டாக்கலாம் என்றும் கூறினோம். அவர் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "ஐயா, மர்டாக் தப்பு செஞ்சவன். நான் எதுவும் செய்யலையே" என்றார்.

நாம் வாயடைத்து நின்றோம். இரண்டு சுமைகளையும் பிரித்துக் காண வேண்டும் என்று இக்கட்டுரையில் விரித்துரைத்த நாமே அவரிடத்தில் அதனைப் பிரித்துக் காணவில்லை. மர்டாக் மீள வேண்டியது தன் வினையிலிருந்து. இம்மாணவர் மீள வேண்டியது எதிலிருந்தும் இல்லை. மாற வேண்டியது அவர் வாழ்வு அன்று. அவரைக் காணும் நம் கண். பணம் இழந்தோரின் சினம் நியாயமானது, அதற்குரியவர் தந்தை. மகனின் பெஞ்சில் அச்சினத்தை அமர்த்துவது, கிளர்ச்சியாளர் மர்டாக்கைச் சிறையிட்ட அதே அநீதி. சிவப்பு மையால் வட்டமிட்ட நம் கையும் அதில் பங்கு கொண்டது.

யார் வீட்டுப் பிள்ளை என்பது நம் ஊர்களில் அன்போடு கேட்கப்படும் முதல் வினா. அன்போடு கேட்பினும் அதன் விடை சிலர்க்கு வாளாகிறது. கல்லூரி என்பது ஒருவரை அவர் செய்வதைக் கொண்டு மட்டும் அறியும் இடமாதல் வேண்டும். இவ்வாண்டு முதல் வருகைப் பதிவேட்டை வாசிக்குங்கால் நாம் மாணவர்தம் பெயரை மட்டுமே வாசிக்கிறோம். பதிவேட்டில் முன்னெழுத்து இருக்கிறது, இருக்கட்டும். சிறு மாற்றந்தான். ஆயினும் அம்மாணவர் தம் பெயர் அழைக்கப்படும்போது இப்போது தலைநிமிர்ந்து விடை கூறுகிறார் என்பதைக் காண்கிறோம்.

'மர்டாக்' நூலின் படி ஒன்று நம் துறை நூலகத்தில் இப்போது வைக்கப்பட்டுள்ளது. மாணவச் செல்வங்கள் இரவல் பெற்றுப் படிக்கலாம். ஆசிரியப் பெருமக்களும் படிக்கலாம்.